மகளுக்கு ஆய்வக விலங்குக் கூடத்தில் வேலை: அனுப்பலாமா?

தேவகோட்டை வாசகரின் கேள்வி, 17 நவம்பர் 2024

என் மகள் விலங்கியல் பட்டம் முடித்திருக்கிறாள். மருத்துவ ஆய்வுக்கூடம் ஒன்றில் எலி, முயல்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பர் வேலை கிடைத்திருக்கிறது. அவளுக்குப் போக ஆசை. அவளுடைய அப்பத்தாவோ, "பிள்ளையார்பட்டிக்கு நடந்து போகிற குடும்பத்துப் பெண் பிள்ளையார் வாகனத்தைக் கொல்லும் இடத்துக்கா போவாள்?" என்று இரண்டு நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். இந்த வேலையில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். அனுப்பலாமா, வேண்டாமா?

17 நவம்பர் 2024, இரவு

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் 16 வருடங்களாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். முதலில் அப்பத்தாவுக்குப் பதில். ஆம், விலங்குகள் சாகின்றன. பெரும்பாலான ஆய்வுகளின் முடிவில் எலியைக் கொன்று, ஈரலையும் சிறுநீரகத்தையும் எடுத்துப் பார்க்கிறார்கள். அதை மறைத்து அவரைச் சாப்பிட வைக்காதீர்கள் அண்ணா. பின்னால் தெரியவந்தால் பேத்தியின் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆனால் "கொல்லும் இடம்" என்ற சொல்லுக்குள் எங்கள் நாள் அடங்காது. காலையில் உடை மாற்றி, முகக்கவசமும் கையுறையும் போட்டு உள்ளே போனதும் முதல் வேலை பார்ப்பது. தொடாமல் பார்ப்பது. ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நிற்க வேண்டும். ரோமம் படிந்திருக்கிறதா, சிலிர்த்திருக்கிறதா? முதுகு கூனியிருக்கிறதா? எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்கும்போது ஒன்று மட்டும் மூலையில் ஒதுங்கியிருக்கிறதா? நேற்று வைத்த தீவனம் குறைந்திருக்கிறதா? இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகுதான் குறிப்பேடு: வெப்பம் 22 டிகிரியை ஒட்டி, ஈரப்பதம் 30க்கும் 70க்கும் நடுவில், 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு. சித்திரை வெயிலில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கத் தாமதமானால் எங்கள் உயிர் எங்களிடம் இருக்காது.

பிறகு கூண்டு மாற்றுவது. எங்கள் கூடத்தில் படுக்கைக்கு நெல் உமிதான். அரவை ஆலையிலிருந்து மூட்டையாக வரும். சலித்துத் தூசி போக்கி, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த நீராவிப் பெட்டியில் ஆவி பிடித்த பிறகே கூண்டுக்குள் போகும். கதவைத் திறக்கும்போது, அவித்த நெல்லைக் களத்தில் கொட்டுகிற அதே மணம். புது உமியில் இறக்கிவிட்டதும் எலி அதை முகர்ந்து, கிளறி, தனக்கென்று ஒரு மூலையைத் தேர்ந்துகொள்ளும். அந்த இரண்டு நிமிடத்தைப் பார்க்க நான் இன்றைக்கும் நின்றுவிடுவேன்.

மனது வருந்தத்தான் செய்யும். ஆறு மாதத்தில் பழகிவிடும். அனுப்புங்கள்.

18 நவம்பர் 2024

நேற்று விட்டுப்போனது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, இடுப்பில் சாவிக்கொத்து செருகியிருப்பார். அது ஒலித்தால்தான் அவர் வருவது வளவு முழுவதும் தெரியும். அந்த வீட்டுப் பழக்கத்தில், வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நானும் சாவியை விரலில் மாட்டி ஆட்டிக்கொண்டே சுண்டெலி அறைக்குள் போனேன். மேற்பார்வையாளர் பேசாமல் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். நம் காது ஏறத்தாழ 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும். சுண்டெலிக்கு 80ஐத் தாண்டியும் கேட்கும். சாவிகள் உரசும்போது நமக்கு எட்டாத அந்த மேல் ஒலியும் எழுகிறது. நமக்குக் கிணுகிணு, அவற்றுக்குக் காதருகில் பாத்திரம் விழுவது போல. அன்றிலிருந்து சாவி வெளி அறைப் பெட்டியில்தான்.

மல்லிகைப்பூவும் அங்கேதான். வாசனைப் பவுடர், சென்ட் எதுவும் உள்ளே ஆகாது. மாலையில் வாடிய சரத்தை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன்.

உங்கள் மகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: சுண்டெலியை வாலின் நுனியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, அடியைப் பிடிக்க வேண்டும். பெரிய எலியை வாலால் தூக்குவதே கூடாது, நுனியில் இழுத்தால் தோல் உறையோடு உரிந்து வந்துவிடும். தோளைச் சுற்றிக் கை கொடுத்து, பின்னங்கால்களை மறு கையால் தாங்க வேண்டும்.

20 நவம்பர் 2024

கினிப்பன்றிக்கு எலித் தீவனமே போதாதா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. நம்மைப் போலவே அதன் உடலாலும் வைட்டமின் சி செய்துகொள்ள முடியாது. எலித் தீவனத்தையே போட்டு வைத்தால் சில வாரங்களில் மூட்டு வீங்கி நகராமல் கிடக்கும். அதற்கென்று உள்ள தீவனம் வேண்டும். அதுவும் பழசானால் வைட்டமின் போய்விடும், மூட்டையில் உள்ள தேதியைப் பாருங்கள். நாங்கள் குதிரைமசாலும் முளைகட்டிய கொண்டைக்கடலையும் சேர்த்துக் கொடுக்கிறோம். தழைக்கட்டின் சலசலப்பு கேட்டாலே அறை முழுக்கக் கீச்சிடும்.

24 நவம்பர் 2024

"எலிக்கு யார் கணக்குக் கேட்கிறார்கள்?" என்று புதுவயல் நண்பர் எழுதியிருக்கிறார். இது என்னைச் சுட்டது. கணக்கு எழுதுவது என்றால் என்ன என்று இந்த மண்ணில் பிறந்தவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வட்டிக்கடைப் பேரேடு எப்படியோ அப்படித்தான் எங்கள் இருப்புப் பதிவேடும். எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, எந்த ஆய்வுக்கு எத்தனை போயின, மீதி எத்தனை என்று ஒவ்வொரு நாளும் நேராக வேண்டும்.

1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், விலங்குப் பரிசோதனைகளை மேற்பார்வையிட மத்திய அரசின் குழு ஒன்று இருக்கிறது. 1998இல் அதற்கான விதிகள் வந்தன. விலங்கு வளர்க்கும் ஆய்வுக்கூடம் அக்குழுவிடம் பதிவு செய்ய வேண்டும். தனக்கென ஒரு நெறிமுறைக் குழுவும் வைத்திருக்க வேண்டும். அதில் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் கால்நடை மருத்துவரும் மட்டும் உட்கார்ந்தால் போதாது. வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி, விஞ்ஞானியே அல்லாத ஒரு சமூக அக்கறையாளர், அரசுக் குழு நியமித்தவர் ஆகியோரும் உட்கார வேண்டும். 30 எலி கேட்டால் ஏன் 30, ஏன் 18 போதாது, எலியே இல்லாமல் செல்களை வைத்துப் பார்க்க முடியாதா என்று துருவுவார்கள். இந்தக் கேள்விகளுக்கு வேர் 1959இல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் வகுத்தது: முடிந்தால் விலங்குக்குப் பதில் வேறு வழி, முடியாவிட்டால் எண்ணிக்கை குறைவு, அந்தக் குறைந்த எண்ணிக்கைக்கும் வலி குறைவு.

சோப்பு, முகப்பூச்சுக்காகக் கொல்கிறார்கள் என்று எழுதியவருக்கு: அழகுப் பொருட்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014இல் தடை செய்துவிட்டது. எங்களிடம் வருபவை மருந்தும் நோயும் பற்றிய ஆய்வுகள்.

இதையெல்லாம் எழுதிவிட்டு யோசித்துப் பார்க்கிறேன். நெறிமுறைக் குழு கூடுவது வருடத்தில் சில நாட்கள். அனுமதிக் காகிதம் கோப்பில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் எலி கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதைப் பார்ப்பது சட்டம் அல்ல, பணியில் இருக்கும் ஒரே ஒரு தொழில்நுட்பர்தான். அவர் பார்க்காமல் போனால் அந்த வலிக்குச் சாட்சியே இல்லை.

1 டிசம்பர் 2024: திருத்தம்

சுண்டெலியை வாலின் அடியில் பிடித்துத் தூக்க வேண்டும் என்று நவம்பர் 18இல் எழுதினேன். கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவி ஒருவர், அது பழைய முறை அல்லவா என்று கேட்டிருக்கிறார். அவர் சொல்வதே சரி. எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கையில் அப்படியே தங்கிவிட்டது, எழுதும்போதும் அதுவே வந்துவிட்டது. எங்கள் கூடத்திலேயே அதை நாங்கள் விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

2010இல் லிவர்பூலில் ஜேன் ஹர்ஸ்ட் குழுவினர் காட்டியது இது: வாலைப் பிடித்துத் தூக்கிய சுண்டெலிகள் மனிதக் கையைக் கண்டாலே ஒதுங்கிப் பதறின. ஒரு குழாய்க்குள் தானாக ஏறவிட்டோ, இரு கைகளையும் குவித்து அள்ளியோ எடுத்தவை பதறவில்லை, தாமே கையை நாடி வந்தன. பதற்றத்தில் இருக்கும் உடலில் மருந்தைச் சோதித்தால் நாம் அளப்பதில் பாதி அந்தப் பதற்றம்தானே?

நான் செக்காலை ரோட்டில் ஒரு குழாய்க் கடையில் இரண்டு அங்குல பிவிசி குழாய் வாங்கி, ஐந்து அங்குலத் துண்டுகளாக அறுக்கச் சொன்னேன். கடைக்காரர் எந்த வீட்டுக் குளியலறைக்கு என்று கேட்டார். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி, கூண்டுக்கு ஒன்றாகப் போட்டேன். முதல் வாரம் தள்ளிவிட வேண்டியிருந்தது. மூன்றாம் வாரம், மூடியைத் திறந்ததும் இரண்டு சுண்டெலிகள் குழாய்க்குள் போய்த் தயாராக உட்கார்ந்திருந்தன.

5 ஜனவரி 2025

இந்த வாரம் பிள்ளையார் நோன்பு. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, 21 நூல் இழையைத் திரியாகத் திரித்து, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொண்டோம். இழை எடுத்துக்கொள்வது என்பது இதுதான். அப்பத்தாவும் இழை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு மகனிடம் ஒரு கேள்வி சொல்லி அனுப்பியிருக்கிறார்: "அந்த எலிகளுக்குத் தாய், பிள்ளை எல்லாம் உண்டா, இல்லை மெஷினில் பொரிக்கிறார்களா?"

அப்பத்தா, தாயும் உண்டு, பிள்ளையும் உண்டு. வெள்ளை எலி கரு சுமப்பதும் 21 நாளிலிருந்து 23 நாள்தான். சுண்டெலிக்கு 19 முதல் 21. பிரசவத்துக்கு முன்னால் நாங்கள் காகிதக் கீற்றுகளைப் போட்டுவிடுவோம். அது பல்லால் கிழித்து, பஞ்சாக்கி, கிண்ணம் போலக் கூடு கட்டும். சுண்டெலிக் குட்டிகள் ரோமமில்லாமல் இளஞ்சிவப்பாக, நம் சுண்டுவிரலின் முதல் கணு அளவுக்கு இருக்கும். தோல் அவ்வளவு மெல்லியது. பால் குடித்திருந்தால் வயிற்றின் இடப் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு வெளியிலிருந்தே தெரியும். அந்த வெள்ளைத் திட்டு எல்லாக் குட்டிக்கும் இருக்கிறதா என்று பார்த்து, சத்தமில்லாமல் மூடிவிடுவேன். தொட்டே ஆக வேண்டியிருந்தால் முதலில் கையுறையைக் கூட்டின் பழைய உமியில் தேய்த்துக்கொள்வேன். அந்நிய வாடை பட்டால் தாய் பிள்ளையை ஒதுக்கலாம், சில நேரம் தின்றும் விடலாம்.

17 ஜனவரி 2025

நேற்று தை 3, சிராவயல் மஞ்சுவிரட்டு. பஸ்ஸெல்லாம் நிறைந்து வழிந்தது. எனக்குப் பணி. விலங்குகளுக்குப் பொங்கல் விடுமுறை கிடையாது.

எட்டு வருடங்களுக்கு முன் இதே தை 3 அன்று நடந்ததை இங்கே எழுத வேண்டுமா என்று இரண்டு நாட்களாக யோசித்தேன். ஒரு பெண் இந்த வேலைக்கு வரப்போகிறாள் என்பதால் எழுதுகிறேன்.

அந்த வருடம் பொங்கல் அன்று காலையில் எல்லாக் கூண்டுகளுக்கும் தண்ணீர் பாட்டில் மாற்றினேன். மறுநாள் மாட்டுப்பொங்கல். வீட்டில் விருந்தினர். நடைபாதையில் நின்றபடியே பார்த்தேன். எல்லாப் பாட்டிலிலும் தண்ணீர் இருந்தது. "தண்ணீர்: சரி" என்று குறித்துவிட்டுக் கிளம்பினேன். தை 3 காலையில் வழக்கம்போல ஒவ்வொரு கூண்டாக நின்று பார்த்தபோது, நான்காவது அடுக்கில் ஒரு கூண்டில் ஐந்து சுண்டெலிகளில் இரண்டு செத்துக் கிடந்தன. மற்ற மூன்றும் கண் குழிந்து, ரோமம் குத்திட்டு, அசையாமல் இருந்தன. ஒன்றின் முதுகுத் தோலை மெல்லக் கிள்ளிவிட்டேன். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. தீவனத்தைத் தொடவே இல்லை. பாட்டிலைப் பார்த்தேன். கழுத்துவரை தண்ணீர், நான் நிரப்பிய அதே அளவு. பக்கத்துக் கூண்டுகளில் பாதிக்குக் கீழே போயிருந்தது.

குழல் முனையில் உள்ள சிறு குண்டு அழுக்கில் சிக்கி அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு நாட்கள் அவை அந்த முனையை நக்கியிருக்கின்றன. தலைக்கு மேலே தண்ணீர் நிறைந்திருக்க, நாக்கில் ஒரு துளி விழவில்லை.

பஞ்சை நனைத்து வாயோரம் வைத்தேன். மாலைக்குள் மூன்றாவதும் போயிற்று. இரண்டு பிழைத்தன. அது ஆறு வாரமாக நடந்துவந்த ஆய்வு. அந்தக் கூண்டின் முடிவுகள் அத்தனையும் வீண், அதை ஈடுகட்ட மேலும் ஐந்து சுண்டெலிகள் வேண்டியதாயிற்று. என் தவறு என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டேன். வீட்டுக்கு வந்து பணியாரத்தைக் கையில் எடுத்தேன், வாயில் வைக்க முடியவில்லை.

நிறைந்த பாட்டிலைக் கண்டால்தான் எனக்குப் பயம். அன்றிலிருந்து ஒவ்வொரு குழல் முனையையும் விரல் நுனியால் தொட்டுத் தள்ளிப் பார்க்கிறேன். விரலில் ஒரு துளி ஈரம் பட்ட பிறகுதான் அடுத்த கூண்டு. 140 கூண்டு என்றால் 140 துளி.

9 பிப்ரவரி 2025

முதல் குறிப்பில் "ஆறு மாதத்தில் பழகிவிடும்" என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். மேலே உள்ளதை எழுதிய பிறகு அந்த வரியைப் படித்தால் பொய்யாகத் தெரிகிறது.

கை பழகியது உண்மை. அது வேண்டும், நடுங்கும் கை விலங்கை வருத்தும். ஆனால் ஆய்வு முடியும் நாள் எனக்கு இன்னும் பழகவில்லை. தனி அறைக்கு அவற்றின் சொந்தக் கூண்டிலேயே கொண்டுபோவோம், மற்றவை பார்க்காதபடி. கரியமில வாயுவை ஒரேயடியாகத் திறக்கக் கூடாது. நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு என்ற வேகத்தில் மெல்ல நிரப்ப வேண்டும், முதலில் நினைவு போகட்டும் என்று. மூச்சு நின்ற பிறகும் உடனே மூடியைத் திறக்கமாட்டோம், உயிர் பிரிந்ததை உறுதி செய்வோம். பெட்டியின் பக்கத்திலேயே நிற்பேன், வேறு வேலையில் கை வைக்கமாட்டேன். அன்று பஸ்ஸில் யார் பேச்சுக் கொடுத்தாலும் பதில் சொல்ல வராது.

முழுக்கப் பழகிப்போன ஒருவருடன் வேலை செய்திருக்கிறேன். கூண்டு மூடியை டமாரென்று போடுவார், எலியை உமி மூட்டை போலத் தூக்கி இறக்குவார், "எப்படியும் சாகப்போவதுதானே" என்பார். எனக்கு அவரிடம்தான் பயமாக இருந்தது. சாகப்போவது என்பதால்தான் அதுவரை உள்ள ஒவ்வொரு நாளும் அதற்கு நன்றாக இருக்க வேண்டும்.

என் அம்மா தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் நாய்களை வைத்து அதைக் கண்டுபிடித்தார்கள். ஊசியை ஏற்றும்போது அந்த நாய்கள் நினைவுக்கு வரும். அதனால் எல்லாம் நியாயம் என்று சொல்லவரவில்லை. அந்த நாய்களுக்கும் காலையில் தண்ணீர் வைத்த யாரோ ஒருவர் இருந்திருப்பார் என்றுதான் நினைப்பேன்.

ஆகவே அண்ணா, இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். எலியின் சாவு உங்கள் மகளை வருத்தும் என்றால், அது அவளை அனுப்பாமல் இருக்கக் காரணம் ஆகாது. அப்பத்தா எதற்காகச் சாப்பிடாமல் இருந்தாரோ, அந்த இரக்கம் உள்ளவர்தான் அந்தக் கூண்டுகளின் முன் நிற்க வேண்டும்.

10 பிப்ரவரி 2025

இந்த வேலையால் மகளின் உடல்நலம் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். எலியின் சிறுநீரில் உள்ள புரதம் ஒவ்வாமை தரும். முதலில் தும்மல், கண் அரிப்பு. அலட்சியம் செய்தால் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடும். பலருக்கு முதல் மூன்று வருடங்களுக்குள் தலைகாட்டும். துணி முகக்கவசம் போதாது, என்95 வேண்டும். உள்ளே போட்ட உடையோடு வீட்டுக்கு வரக் கூடாது. டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். கடி பட்டால் சிறியதென்று மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும்.

15 ஜூன் 2025

மகள் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. என்னை அத்தை என்று அழைத்து அவளே எழுதியிருக்கிறாள்: "விஸ்டார் என்ற வகை வெள்ளை எலி ஒன்றின் கண்ணைச் சுற்றியும் மூக்கிலும் ரத்தம் காய்ந்த மாதிரி இருக்கிறது. கூட இருப்பவர்கள் எலிக்கு அப்படித்தான் வரும், விடு என்கிறார்கள். விடலாமா?"

மகளே, அது ரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வரும் சிவப்பு நிறமி. புற ஊதா விளக்கைக் காட்டினால் அது இளஞ்சிவப்பாக ஒளிரும், ரத்தம் ஒளிராது. நலமாக இருக்கும் எலி அவ்வப்போது முகம் துடைத்துக்கொள்ளும், அதனால் நம் கண்ணில் படாது. துடைக்கவில்லை என்றால் உடம்புக்கு ஏதோ சரியில்லை, அல்லது ஏதோ பயம்.

விடாதே. அந்தக் கூண்டில் எல்லா எலிக்கும் இருக்கிறதா, ஒன்றுக்கு மட்டுமா? எல்லாவற்றுக்கும் என்றால் குனிந்து கூண்டை முகர்ந்து பார், அமோனியா நெடி ஏறியிருக்கலாம். அறையில் புதிதாக ஏதாவது மெஷின் ஓடுகிறதா என்றும் கேள். ஒன்றுக்கு மட்டும் என்றால் உதட்டை விலக்கி முன்பல் வளைந்து வளர்ந்திருக்கிறதா பார். அதனுடன் இருந்த எலியைச் சமீபத்தில் பிரித்தார்களா என்று பதிவேட்டில் தேடு. குழல் முனையைத் தொட்டுப் பார். இன்றைக்கே எடை போட்டு எழுதிவை, நாளைக்கும் அதே நேரத்தில் அதே தராசில் போடு. குறைந்திருந்தால் கால்நடை மருத்துவரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் எழுதிக் கொடு. எடை எவ்வளவு என்று எனக்கும் சொல்.